ஒன்றரை மடங்கு வேகம்

ஞாயிறு காலை எட்டரை.
முடக்குச்சாலை வீட்டின் சமையல் மேடையில்
மிளகாய்த்தூள் டப்பாமேல் சாய்ந்து நிற்கிறது
ஆராதனை.

நெல்பேட்டையில் வாங்கிய அயிரை
கல்லுப்போடு சட்டிக்குள் துள்ளுகிறது.
நான் உரசுகிறேன், நுரை பொங்குகிறது.
ஆயர் ஒன்றரை மடங்கு வேகத்தில் பேசுகிறார்.
நீடிய பொறுமையைப் பற்றி அன்று பிரசங்கம்.
மாட்டுத்தாவணி மாட்டுத்தாவணி என்று
கண்டக்டர் கூவுவதுபோல்
கூவி முடித்தார்.

பாவ அறிக்கை வந்தது.
கையெல்லாம் மீன்.
சுண்டுவிரல் மட்டும் சுத்தம்.
சுண்டுவிரலால் தள்ளிவிட்டேன்.
அறிவிப்புகளையும்.
காணிக்கைக்கு ஒரு கறுப்பு வெள்ளைக் கட்டம்;
ஐம்பது ரூபாய், ஒரு மணிச்சத்தம்.
நற்கருணை ஞாயிறென்றால்
மேரி பிஸ்கட் இருக்கிறது.

கொரோனாவில் எல்லோரும் இப்படித்தான் இருந்தோம்.
கோயில் கதவைத் திறந்த பிறகு
எனக்கு முதலில் மழை,
பிறகு முட்டிவலி,
பிறகு ஏன் வரவில்லை என்று கேட்க ஆளில்லை.
அரசரடி ஒன்றும் அமெரிக்கா இல்லை.
ஷேர் ஆட்டோவில் பத்து ரூபாய்.

ரேஷன் கடையில், பாமாயில் வரிசையில்
ஞானதீபம் நின்றிருந்தாள்.
பதினொரு வருடம் ஒரே பெஞ்சு.
எப்போதும் நான் கண்ணாடியை வீட்டில் விட்டுப் போவேன்.
அவள் பாட்டுப் புத்தகத்தை என் பக்கம் சாய்த்து
வரிக்கு வரி
விரல் வைத்துக் காட்டுவாள்.

"அவரு போயி நாப்பது நாளாச்சுக்கா.
அறிவிப்புல ரெண்டு வாரம் சொன்னாங்களே.
கல்லறைல உங்களத்தான் தேடுனேன்."

நெட் சரியில்லை என்றேன்.
நெட் நன்றாகத்தான் இருந்தது.

அன்றிரவு தூக்கம் வரவில்லை.
ஆரோன் காதணிகளைக் கேட்டு வாங்கினான்.
என் தோட்டை யாரும் கழற்றச் சொல்லவில்லை;
பன்னிரண்டு மாதத் தவணை.
உருக்க நெருப்பும் வேண்டியிருக்கவில்லை,
சார்ஜர் போதும்.
வாய் இருந்தும் பேசாத விக்கிரகங்களைப் பற்றி
ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடம் செய்து
சோப்பு டப்பா பரிசு வாங்கியவள் நான்.
என்னுடையது பேசும்.
தொட்டால் வாயை மூடும்.
மறுபடி தொட்டால்
விட்ட இடத்திலிருந்து இரங்கும்.
என்னைக் குற்றம் சொல்ல வந்தால்
பத்து நொடி தாண்டிப் போகும்.

போனைச் சொல்லவில்லை.
பாவம், அது தங்கைக்கும் பேசுகிறது,
கேஸ் சிலிண்டருக்கும் பேசுகிறது.
அதற்குள் நான் செதுக்கிய ஆண்டவரைச் சொல்கிறேன்:
என் அடுப்பின் உயரம் அவர்,
என் முட்டிக்குத் தகுந்த இரக்கம்,
குழம்பு கொதிக்குமுன்
ஆசீர்வாதம்.

அடுத்த ஞாயிறு அயிரை வாங்கவில்லை.
பரிசுத்தம் ஒன்றும் இல்லை, நேரமில்லை.

கோயிலில் மின்விசிறி நம் பெஞ்சுக்கு மட்டும் சுற்றவில்லை.
முன்வரிசையில் யார் குழந்தையோ
சங்கீதம் முழுக்க அழுதது.
ஆயர் மூக்கைச் சிந்தினார், தண்ணீர் குடித்தார்,
பக்கத்தைத் தொலைத்தார், தேடினார்.
இவ்வளவு மெதுவாகவா பேசுவார் இந்த மனிதர்?

பாவ அறிக்கை.
எல்லோரும் முழங்காலிட்டார்கள்.
என் வலது முட்டி ஒரு சொல் சொன்னது,
அதை இங்கே எழுத முடியாது.
செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டோம் என்ற இடத்தில்
சபை மூச்சு வாங்கிற்று.
அந்த இடைவெளி இருந்ததே எனக்கு மறந்திருந்தது.
அதற்குள் நாற்பது நாளும்
ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன.

ஞானதீபம் ஒன்றும் கேட்கவில்லை.
நகர்ந்து இடம் விட்டாள்.
புத்தகத்தைச் சாய்த்தாள்.

பிரசங்கம் முக்கால் மணி நேரம்.
பாதியில் மடிமேல் கிடந்த என் சுண்டுவிரல்
தானாக அசைந்தது,
தள்ளிவிட எதையோ தேடி.
நடுக்கமென்று நினைத்தாளோ என்னவோ,
ஞானதீபம் அதைப் பிடித்துக்கொண்டாள்.